பத்தரை மணி நேரத் தூரம்

லண்டனுக்கும் சென்னைக்கும் எட்டாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர். நிற்காமல் பறந்தால் பத்தரை மணி நேரம். இது எனக்கு அம்மா சொல்லித்தான் தெரியும். அண்ணன் அங்கே வேலைக்குப் போன நாளிலிருந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் இதை ஒப்பிப்பாள். "பத்தரை மணி நேரம் புள்ள குந்திக்கிட்டே வரணும். காலு வீங்கிப் போயிடாது?"

நான் ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவன். அம்மாவும் அக்காவும் இருப்பது பூலாம்பாடியில். அரியலூரில் ஒரு பஸ், பெரம்பலூரில் ஒரு பஸ் மாறி, பாதி வழி நின்றுகொண்டே போனால் எனக்கும் மூன்று மணி நேரம் ஆகும். என் கால் வீங்கியதா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. "வந்துட்டியா? அப்படியே கடைக்குப் போயி தேங்கா வாங்கியாந்துடு" என்பார்கள்.

அக்கா மகளுக்குக் காதுகுத்து வைத்தார்கள். குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்துவது வழக்கம். மாமன்கள் நாங்கள் இரண்டு பேர். பந்தல்காரர், சமையல்காரர், ஆசாரி என்று ஓடி ஓடி ஏற்பாடு செய்தது நான். மடி மட்டும் அண்ணனுடையது என்று யாரும் யாரையும் கேட்காமலே முடிவாகிவிட்டது. எனக்கு வயிறு எரிந்தது. இருந்தாலும் அரியலூரில் ஒரு பட்டு வேட்டி வாங்கி, பையின் அடியில் மடித்து வைத்திருந்தேன்.

லண்டனில் பனிமூட்டமாம், அண்ணனின் விமானம் பல மணி நேரம் தாமதமாகத்தான் கிளம்பியது. அக்கா வீட்டுக்காரரின் போனில், வரைபடத்தின் மேல் ஒரு குட்டி விமானம் ஊர்ந்துகொண்டிருந்தது. வீடே அதைச் சுற்றி நின்றது. "கருங்கடலத் தாண்டிட்டான்" என்றாள் அம்மா. ரெட்டிபாளையம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது. நான் தள்ளி நின்று சாமியிடம் கேட்டுக்கொண்டேன்: நல்லபடியாக வரட்டும், ஆனால் மெதுவாக வரட்டும்.

சாமி என் பக்கம்தான் இருந்தது. மறுநாள் விமானம் சென்னையில் இறங்கியபோது இங்கே நல்ல நேரம் முடியப் போகிற சமயம். அங்கிருந்து காரில் வரவே ஐந்து மணி நேரமாகும். ஆசாரி தங்கக் கம்பியைக் கையில் எடுத்துவிட்டார். அக்கா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"நேரம் போவுதுடா. நீயே உக்காரு."

பட்டு வேட்டிக்கு நான் மாறிய வேகத்தைப் பார்த்து சமையல்காரரே சிரித்துவிட்டார். குழந்தை என் மடியில் வந்து உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டது. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஊரே என்னைப் பார்க்கட்டும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

அப்போதுதான் அக்கா போனை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் அண்ணன், பெட்டிகளுக்கு நடுவே ஏர்போர்ட்டில் நின்றுகொண்டு கையாட்டினான்.

"தலையக் கொஞ்சம் ஒதுக்குடா, அண்ணனுக்குப் புள்ள தெரியல."

ஒதுக்கினேன். ஆசாரி குத்தினார். குழந்தை வீறிட்டது. நான் அதன் கைகால்களை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அம்மா, அக்கா, வந்திருந்த சனம் எல்லாரும் போனைக் காட்டி ஒரே குரலில் சமாதானப்படுத்தினார்கள்.

"அழுவாதடி தங்கம். அங்க பாரு, மாமா பாரு, மாமா பாரு!"