பிடரி பார்த்துத் திரும்பியவர்

என் அக்கா புருஷனுக்கு ஆட்களின் முகம் மறந்துபோகும், பிடரி மறக்காது. எனக்கு மீசை முளைக்கும் முன்பிருந்தே சலூனில் அடுத்தவர் தலைக்குப் பின்னால் நிற்கிறவர், எனக்கும் அங்கேயே தொழில் சொல்லிக்கொடுத்தவர். "மூஞ்சி நடிக்கும்டா, பிடரிக்கு நடிக்கத் தெரியாது" என்பார். கடைக்கு வருகிறவர்களுக்குத் தலையை வைத்தே பட்டப்பெயர்: கோணப்பிடரி, தேங்காய் மண்டை, இரட்டைச்சுழி.

குடி எப்போது அவரைப் பிடித்தது என்று எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியாது. கடை சாத்திய பிறகு கொஞ்சம் என்று இருந்தது, சாப்பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் என்று ஆனது. அப்புறம் கை நடுக்கத்தை நிறுத்தவே குடிக்க வேண்டியதாயிற்று. வாயில் மிட்டாயை அடக்கிக்கொண்டு வந்து நிற்பார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். ஒருநாள் இரட்டைச்சுழியின் காதில் கத்தி பட்டுவிட்டது. அவர் பஸ் ஓட்டுகிறவர், பொறுமைசாலி. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, பாதி வெட்டிய தலையோடு எழுந்து போனார். பிறகு வரவே இல்லை.

விஷயம் தெரிந்ததும் அக்கா கடைக்கு வந்து மாமாவின் சவரக்கத்தியைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டாள்.

"குடியை விடறவங்க கூட்டம் நடக்குதாம். அதுல போய் உக்காந்துட்டு வாங்க. அப்புறம்தான் கத்தி."

"நானே விட்டுடுவேன்."

"நீங்களா விட்டு நான் பார்க்காததா!"

அன்றிலிருந்து நான் வெட்டினேன், மாமா முடி கூட்டினார், நுரை தடவினார். பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் என் கத்தியைக் கேட்டபோது கொடுக்க மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கூட்டத்துக்கென்று கிளம்புவார். ஒரு வாரம் "பூட்டியிருந்துச்சு" என்றார், மறுவாரம் "இடம் மாத்திட்டாங்களாம்" என்றார். சாராயக்கடைக்குத்தான் போகிறார் என்று நினைத்து, சண்டைக்குத் தயாராக ஒருநாள் பின்னாலேயே போனேன். மனிதர் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனார். கூட்டம் நடந்த வகுப்பறையின் பின்கதவில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, தேள் கொட்டிய திருடன் மாதிரி சத்தமில்லாமல் திரும்பினார்.

"என்ன மாமா?"

"உள்ள நம்ம கடைத் தலை ரெண்டு இருக்குடா! கோணப்பிடரி முன்வரிசையிலயே இருக்கான்."

"அவரும் அதுக்குத்தானே வந்திருக்காரு?"

"அவன் வரலாம். நாளைக்கு அவன் என்கிட்ட கழுத்தைக் கொடுக்கணுமே. குடிகாரன் கையில எவன் கொடுப்பான்?"

நூலக மாடியிலும் ஒரு கூட்டம் உண்டு. அங்கே தேங்காய் மண்டை. ஊரில் பாதிப் பேருக்கு முடி வெட்டிவிட்டு ஒளிய இடம் தேடினால் எங்கே கிடைக்கும்? எனக்குச் சிரிப்பு வந்தது. படி இறங்கும்போது கைப்பிடிக் கம்பியில் அவர் கை நடுங்கியதைப் பார்த்ததும் அது அடங்கிவிட்டது.

கடைசியில், பஸ் மாறிப் போக வேண்டிய ஓர் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் நடக்கும் கூட்டத்துக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் நின்று எல்லாப் பிடரியையும் ஒருமுறை மேய்ந்தார். "ஒண்ணு கூட நம்ம வேலை இல்ல" என்று நிம்மதியானார். அந்த நேரம் பார்த்து, தாமதமாக வந்த ஒருவர் எங்களைத் தாண்டி உள்ளே போனார். மாமாவின் கால் நின்றது. காடாக வளர்ந்த முடிக்கு நடுவிலும் அந்த இரண்டு சுழிகள் தெரிந்தன.

மாமா வந்த வழியே நடக்க ஆரம்பித்தார். ஓட்டுநர் திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் ஓடி வந்து தாழ்வாரத்தில் மடக்கினார்.

"அண்ணே, உங்களுக்குப் பயந்துதான் நான் இவ்வளவு தூரம் வர்றேன். சலூனுக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரிஞ்ச மாதிரி. நீங்க எங்க ஓடறீங்க?"

மாமா தலை நிமிரவில்லை. "காதை வெட்டிட்டேன். அதனாலதானே கடைப்பக்கமே வர்றதில்ல?"

"காது அன்னைக்கே ஆறிடுச்சு." அவர் கொஞ்சம் தயங்கினார். "அப்போதான் நான் குடியை விட்டிருந்தேன். நீங்க குனிஞ்சு வெட்டும்போது உங்க மூச்சு முகத்துல அடிச்சுது பாருங்க, தாங்க முடியல. நாற்காலியை விட்டு எழுந்து நேரா எங்க போனேன்னு கேக்காதீங்க. மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சிருக்கேன்."

அக்கா எத்தனை திட்டியும் கல்லாக நின்ற மாமா, தாழ்வாரத்தில் வருகிறவர் போகிறவர் பார்க்க அழுதார். ஓட்டுநர் அவர் தோளைப் பிடித்து, "வாங்கண்ணே, உள்ள நாற்காலி காலியா இருக்கு" என்று கூட்டிப் போனார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டேன்.

அக்கா சொன்ன சொல் தவறாதவள். வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து நீட்டினாள். மாமாதான் வாங்கவில்லை. "கை நிக்கட்டும்" என்றார். அந்த ஆஸ்பத்திரி டாக்டரே நடுக்கத்துக்கு மருந்து கொடுத்தார். நடுவில் மாமா ஒருமுறை சறுக்கிக் குடித்துவிட்டார். வெட்கத்தோடு மறுவாரமே கூட்டத்துக்குப் போனார். பிறகு பஸ் செலவு எதற்கு என்று பள்ளிக்கூடத்துக்கே போகத் தொடங்கினார். கோணப்பிடரி ஒன்றும் கேட்காமல் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தாராம்.

மாமா அக்காவிடம் கத்தியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கடைக்கு வந்த வாரத்தில், ஒரு காலையில் ஓட்டுநர் உள்ளே நுழைந்தார். நான் துண்டை உதறினேன். "நீ இல்ல தம்பி, அண்ணன்" என்று மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். முடி வெட்டி முடித்து, முகத்தில் நுரை தடவி, மாமா கத்தியைக் கையில் எடுத்தார்.

"இருங்கண்ணே. பஸ்ஸை எடுக்கறதுக்கு முன்னாடி டிப்போவுல எங்களைத் தினம் மிஷின்ல ஊதச் சொல்வாங்க. இன்னைக்கு உங்க முறை."

கடையே திரும்பிப் பார்த்தது. மாமா குனிந்து, அவர் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து நீளமாக ஊதினார். ஓட்டுநர் கண்ணை மூடி, தலையைப் பின்னால் சாய்த்து, கழுத்தைக் கொடுத்தார்.