டாக்டர் சட்டையில் தொங்கிய நூல்

முன்பல் ஒன்று விழுந்தபோது, தாடை எலும்பில் திருகு இறக்கி வைக்கும் பல்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றேன். கழற்றி மாட்டும் பல், தும்மும்போது பறந்துபோய், தறியில் நீளமாக இழுத்துக் கட்டிய பட்டுப் பாவில் விழுந்துவிடுமோ என்று பயம். பிள்ளையார்பாளையத்தில் தறி நெய்யும் எனக்குப் படிப்பு ஆறாவதோடு சரி. பயத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை.

பல் டாக்டர் எக்ஸ்ரேவைப் பார்த்தார். "எலும்பு நல்லா இருக்குதுப்பா. திருகு நிக்கும். சுகர், பீடி எதுனா?"

"இல்லீங்க."

"பல்லால எதையாவது கடிச்சு இழுக்கற பழக்கம்? அது இருந்தா திருகு ஆடிப்போயிடும்."

"அதெல்லாம் இல்லீங்க" என்றேன். அறுந்த இழையை முடிந்து, மிச்ச நூலைப் பல்லால் நறுக்குவதை நான் பழக்கமென்று நினைத்ததே இல்லை. அது வேலை. பக்கத்திலிருந்த என் மனைவி மட்டும் கூரையைப் பார்த்தாள்.

ஈறைச் சோதிக்க டாக்டர் கையை என் வாயருகே கொண்டுவந்தார். சட்டைக் கையில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது. எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது? மிச்சப் பற்களால் நறுக்கென்று கடித்துவிட்டேன்.

டாக்டர் கையை உதறிக்கொண்டு எழுந்தார். மனைவி முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள்.

"இவருக்குத் திருகு வேணாம்மா. கழட்டி மாட்டற பல்லுதான். நெய்யும்போது அதைக் கழட்டி வெச்சுட்டு, கத்திரிக்கோலை எடுக்கச் சொல்லு."

எனக்கு அதற்குள் வேறு கவலை வந்துவிட்டது.

"டாக்டர், அந்த நூலு உள்ள போயிடுச்சுங்க. ஒண்ணும் ஆகாதே?"