ஆம்பளைப் பக்கம், பொம்பளைப் பக்கம்

கல்யாணமான எட்டு மாதத்தில் நானும் என் மனைவியும் ஆறு படம் பார்த்திருந்தோம். ஒன்றைக்கூடச் சேர்ந்து பார்த்ததில்லை.

காரணம், குரங்கணி ரோட்டோரம் இருந்த டூரிங் கொட்டகை. மணல் தரை. நடுவில் நீளமாக ஒரு தென்னந்தட்டி. இந்தப் பக்கம் ஆம்பளை, அந்தப் பக்கம் பொம்பளை. தட்டி அப்படியொன்றும் உயரமில்லை. என்னைவிடக் கொஞ்சம்தான் உயரம். சிரிப்புக் காட்சி வந்தால் அவள் சிரிக்கிறாளா என்று பார்க்க நுனிக்காலில் நின்று எட்டிப் பார்ப்பேன். "உக்காருய்யா!" என்று பின்னாலிருந்து சத்தம் வரும். என் உயரத்துக்கு, நான் நிற்கிறேன் என்று அவர்கள் கண்டுபிடித்ததே எனக்குப் பெருமையாக இருக்கும்.

அப்போதுதான் போடிக்குள் ஒரு புதுத் தியேட்டர் எழும்பியது. கொட்டகையில் மலைக்குப் பின்னால் பொழுது இறங்கினால்தான் படம் தெரியும். இங்கே பட்டப்பகல் மூன்று மணிக்கே ஆட்டமாம். நாற்காலி டிக்கெட் வாங்கினால் புருஷனும் பெண்டாட்டியும் பக்கத்தில் உட்காரலாமாம். கேள்விப்பட்ட அன்றே வீட்டில் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

"தெறக்குற அன்னைக்கு மொத ஆட்டம். நீயும் நானும் பக்கத்துப் பக்கத்துல."

"நெசமாத்தானா?" என்றாள். தேவாரம் ஊர்க்காரி, எதையும் சுலபத்தில் நம்பமாட்டாள். ஆனாலும் மறுநாளே கல்யாணச் சேலையை எடுத்து வெயிலில் போட்டாள்.

நான் வேலை பார்த்த ஏலக்காய்க் கடையிலும் ஒரு மாதம் இதே பேச்சு. என்கூடக் காய் சலிக்கிறவர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: "மாப்ளே, நீ படம் பாக்கப் போறியா, நாற்காலி பாக்கப் போறியா?"

திறப்பு நாளன்று வாசலில் வாழைமரம், மேளம். மலையிலிருந்து ஜீப்பு ஜீப்பாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். எல்லா டிக்கெட்டுக்கும் ஒரே ஒரு பொந்து. நான் வரிசையில் நடக்கவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களுக்கு நடுவில் செருகிக்கொண்டு, தரையில் கால் படாமல் போய்ச் சேர்ந்தேன். பொந்துக்குள் கையை விட்டதும் எட்டு மாதப் பழக்கம் வாயில் வந்தது.

"ஆம்பள ஒண்ணு, பொம்பள ஒண்ணு!"

இரண்டு டிக்கெட் வந்தது. சட்டையில் இரண்டு பொத்தானைப் பறிகொடுத்துவிட்டு, கோட்டையைப் பிடித்தவன்போல் வெளியே வந்தேன்.

அவள் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஏங்க, ஒண்ணு பச்சையா இருக்கு, ஒண்ணு செவப்பா இருக்கு?"

இரண்டும் தரை டிக்கெட். புதுத் தியேட்டரிலும் தரைக்கு மட்டும் ஆம்பளைப் பக்கம், பொம்பளைப் பக்கம் உண்டு. திரும்பி ஓடினேன். நாற்காலியெல்லாம் தீர்ந்து பொந்தைச் சாத்திவிட்டார்கள். டிக்கெட் கிடைக்காமல் நின்ற ஒரு மாமியாருக்கும் மருமகனுக்கும் அந்த இரண்டையும் கொடுத்தேன். தனித்தனிப் பக்கம் என்றதும் இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு நிம்மதி.

அவள் திட்டவில்லை. சேலையில் மண் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். அதற்குத் திட்டியிருக்கலாம்.

"அடுத்த வாரம் வருவோம்" என்றேன்.

"கொட்டகையில இன்னைக்குக் கடைசி ஆட்டமாம்ல. இந்தச் சேலையக் கட்டிக்கிட்டுச் சும்மா வீட்டுக்கா போறது? வாங்க வெரசா."

கொட்டகைக்காரரும் தேவாரம்தான், அவளுக்குப் பெரியப்பா முறை. பெர்மிட் முடிந்து, மறுநாள் கொட்டகையைப் பிரித்து ஊர்ப்பக்கம் கொண்டுபோகிறார். என்னைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார்.

"வாங்க மாப்ளே! நாற்காலி முதுகுல குத்திருச்சோ?"

உள்ளே போனால் நடுவில் தட்டியைக் காணோம்.

"அத மொத லோடுலயே ஏத்தி விட்டாச்சு" என்றார். "வந்ததே முப்பது பேரு. இன்னைக்கு அவுகவுக இஷ்டம்."

இஷ்டம் என்று சொல்லியும் என்ன? ஆம்பளைகள் எல்லோரும் வழக்கம்போல இடது பக்கம், பொம்பளைகள் வலது பக்கம். நடுவில் தட்டி நின்ற இடம் மணலில் கோடாகத் தெரிந்தது. ஒருவரும் தாண்டவில்லை. நானும் இடது பக்கம்தான் போய் உட்கார்ந்தேன். வீரத்தில் நான் தனி ரகம்.

அவள் கோட்டைத் தாண்டி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கொட்டகையில் ஒரே மெஷின். ஒரு சுருள் முடிந்து அடுத்ததை மாட்டும்வரை விளக்கைப் போடுவார்கள். முதல் தடவை விளக்கு எரிந்ததும் நான் ஒரு முழம் தள்ளிப் போய்விட்டேன். இருட்டியதும் திரும்பி வந்தேன். இரண்டாம் தடவையும் அப்படியே. மூன்றாம் தடவை நகரப் பார்த்தால் வேட்டி வரவில்லை. முனையின்மேல் அவள் அழுத்தமாக உட்கார்ந்திருந்தாள்.

"போங்க பாப்போம்" என்றாள், வெறும் திரையைப் பார்த்துக்கொண்டே.

"மாப்ளே, வேட்டிய விட்டுட்டுப் போயிராதீக!" என்று பின்னாலிருந்து பெரியப்பா குரல். முப்பது பேரும் சிரித்தார்கள். வலது பக்கத்திலிருந்து ஒரு மலைக்காட்டு அம்மா எழுந்து, நேராகக் கோட்டைத் தாண்டித் தன் வீட்டுக்காரர் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அப்புறம் இன்னொருவர்.

அடுத்த தடவை விளக்கு எரிந்தபோது நான் நகரவில்லை. நகர முடியவில்லை என்றுதான் கடையில் சொன்னேன்.