ஃபலாகே ஷோசியின் தும்மல்

ஃபலாகே ஷோசி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்தில், சந்தைக்குப் பின்னால் இருந்த மசாலா ஆலையில் மிளகாய் அரைத்தான். காலையிலிருந்து மாலை வரை சிவப்புத் தூசிக்குள் நிற்பான். கண் கலங்காது, மூக்கு அரிக்காது. ஆலை வாசலைத் தாண்டிப் போகிற வண்டிக் குதிரைகள்கூடத் தும்மிவிட்டுத்தான் போகும். ஃபலாகே தும்மியதில்லை. நான் அறிய அவன் தும்மியது ஒரே ஒரு தடவை. அது உலகம் முழுக்கக் கேட்டது.

எங்கள் குழுவின் பெயர் காலைப் புறாக்கள். எல்லோரும் கிரான்ஸ்கோப் மலைப்பக்கத்திலிருந்து டர்பனுக்கு வேலைக்கு வந்து ஆண்கள் விடுதியில் கிடந்தவர்கள். தலைவர் குவமண்டா முன்னால் நிற்பார். அவருக்குப் பின்னால் உச்சக்குரல் ஒருவன், நடுக்குரலுக்கு நான். எங்களுக்கும் பின்னால் ஒரு வரிசை நிறைய அடிக்குரல்காரர்கள். அங்கே எவன் குரலும் தனியாகக் கேட்கக் கூடாது, கேட்காதவன்தான் நல்ல அடிக்குரல்காரன். ஃபலாகே அந்த வரிசையின் இடது ஓரம். குவமண்டாவுக்கு ரயில்வே பணிமனையில் மறை முடுக்குகிற வேலை. பாட்டையும் அப்படித்தான் முடுக்குவார். பாடும்போது போடுகிற வெள்ளைக் கையுறையில் ஒரு விரல் அழுக்காக இருந்தால் அந்த ஆள் அன்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பாட வேண்டும்.

எங்கள் ஊர்ப்பக்கத் துகேலா ஆற்றில் அவருடைய மைத்துனன் ஒரு மாட்டைத் தொலைத்துவிட்டு, கரையில் நின்று அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அதைத்தான் குவமண்டா பாட்டாகக் கட்டினார். இரண்டாவது அடி முடிந்ததும் எல்லோரும் சட்டென்று நிறுத்திவிடுவோம். மைத்துனன் காது கொடுத்துக் கேட்கிறான், மாடு பதில் சொல்லவில்லை. ஒரு மூச்சு விடுகிற நேரம் சத்தமே இல்லை. பிறகு அடிக்குரல்கள் ஆற்றைப் போல எழும்பி வரும். "அந்த மௌனம்தான் பாட்டு, மத்ததெல்லாம் அதுக்கு வேலி" என்பார் குவமண்டா.

இசைத்தட்டுக்காரர் ஒருவர் எங்களை நகரத்துக்குள் ஒரு மூடின அறைக்குக் கூட்டிப்போய், ஒரே ஒரு ஒலிவாங்கிக்கு முன்னால் நிற்க வைத்துப் பாடச் சொன்னார். பாடினோம். மௌனம் வந்தது. அதன் சரிநடுவில் ஃபலாகே தும்மினான்.

இன்னொரு முறை பாடுகிறோம் என்று கெஞ்சினோம். வேறு தட்டு கொண்டுவரவில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லி அவர் பெட்டியை மூடினார். விடுதிக்குத் திரும்பியதும் குவமண்டா வாசலில் நின்று கையுறையைக் கழற்றினார்.

"எப்படிடா?"

"பாபா, அங்க காத்து ரொம்ப சுத்தமா இருந்துச்சு. எனக்குப் பழக்கமில்ல."

"சரி. பழகிட்டு வா. அதுவரைக்கும் எங்க பக்கம் வராத."

அப்படித்தான் அவன் குழுவை விட்டுப் போனான். போனான் என்றால் எங்கும் போகவில்லை. அதே அறையில், எனக்கு அடுத்த கட்டிலில்தான் படுத்தான். நாங்கள் பயிற்சி செய்யும்போது வெளியே படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டு வாய்க்குள்ளேயே அடிக்குரலை முனகுவான்.

எங்கள் தட்டு எங்கள் ஊரில் கொஞ்சம் ஓடியது. பிறகு யாரோ அதை அமெரிக்காவுக்கு எடுத்துப் போனார்கள். நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த ஓட்டலின் வானொலியில் அது ஒருநாள் வயலின்களோடு திரும்பி வந்தது. மைத்துனன் இல்லை, ஆறு இல்லை, மாடும் இல்லை. நிலாவும் காதலனும் இருந்தார்கள். இரண்டாவது அடி முடிந்தது. சட்டென்று எல்லாம் நின்றது. அந்த இடத்தில் மூன்று இளம்பெண்கள் மிக இனிமையாக, ஒருவருக்கொருவர் சுதி சேர்த்துத் தும்மினார்கள். என் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் பிரெஞ்சுக்காரர்கள் அதை ஊதுகொம்பில் தும்மினார்கள். இன்னொரு நாட்டில் மேளத்தில். சிறுத்தையைக் கண்ட ஆப்பிரிக்க வேட்டைக்காரர்கள் தங்கள் கூட்டத்தை எச்சரிக்கிற புராதன ஒலி அது என்று ஒரு பேராசிரியர் பத்திரிகையில் எழுதியிருந்தார். எங்கள் பக்கத்தில் சிறுத்தையைக் கண்டவன் ஓடித்தான் பார்த்திருக்கிறேன்.

சந்தை முழுக்கத் தெரிந்துவிட்டது. ஃபலாகே தெருவில் இறங்கினால் கீரைக்காரிகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். ஆலை முதலாளி மட்டும் அவனை வாசலுக்கு அழைத்து வந்து வாடிக்கையாளர்களுக்குக் காட்டினார். அவன் கவலை வேறு. அந்த டிசம்பரில் அவனுக்கும் தோலகேலேவுக்கும் கல்யாணம். பெண் வீட்டார் பாடிக்கொண்டு வந்து இறங்குவார்கள். மாப்பிள்ளை வீட்டார் எதிர்ப்பாட்டுப் பாட வேண்டும். பாடி ஜெயிக்க வேண்டும்.

"அண்ணே, பாபாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுண்ணே. பின்வரிசையில நின்னு பாடினாப் போதும் எனக்கு. தோலகேலேயோட அண்ணன் கேக்குறான், உன் பக்கம் பாட ஆள் இருக்கா, இல்ல நீ மட்டும் நின்னு தும்முவியான்னு."

சொன்னேன். "என் மௌனத்தைத் தின்னவன் அவன்" என்றார் குவமண்டா. பேச்சு அத்தோடு முடிந்தது.

விடிய விடிய நடக்கிற எங்கள் விடுதிப் பாட்டுப் போட்டிகளில் நடுவராக இருக்கிறவருக்கு எங்களில் யாரையும் தெரிந்திருக்கக் கூடாது, எங்கள் மொழி தெரியக் கூடாது, பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாமலிருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் நியாயம் கிடைக்கும். அதனால் சனிக்கிழமை சாயங்காலம் தெருவுக்குப் போய், கண்ணில் பட்ட முதல் அந்நியனை மரியாதையாகப் பேசி அழைத்து வருவோம். அந்த முறை கிடைத்தவன் திமிங்கில வேட்டைக் கப்பலிலிருந்து இறங்கிய ஒரு நார்வேக்காரன். நாற்காலி, போர்வை, ஒரு பானை சோளக் கள் எல்லாம் கொடுத்து உட்கார வைத்தோம். பரிசு ஓர் ஆடு. அது அவன் நாற்காலிக் காலில் கட்டியிருந்தது.

நீலக் காளைகள் என்ற குழு முதலில் வந்தது. எங்கள் பாட்டைத்தான் பாடினார்கள், அமெரிக்கத் தட்டைக் கேட்டுப் படித்தது. மௌனம் வரவேண்டிய இடத்தில் முழு வரிசையும் சேர்ந்து தும்மியது. நார்வேக்காரன் மடியில் தட்டிக்கொண்டான். அவனுக்கு அந்தப் பாட்டு ஊரிலேயே தெரியும் போலிருக்கிறது. அடுத்து நாங்கள். எங்கள் பாட்டை எங்கள் மாதிரியே பாடினோம். இரண்டாவது அடி முடிந்தது. அவன் கையை உயர்த்திக்கொண்டு காத்திருந்தான். நாங்கள் மௌனமாக இருந்தோம். இருந்ததிலேயே சுத்தமான மௌனம் அது. அவன் கை மெல்ல இறங்கியது.

விடிந்ததும் முடிவு சொன்னான். ஆடு நீலக் காளைகளுக்கு. காலைப் புறாக்கள் கடைசி. எங்கள் முகத்தைப் பார்த்து மனம் இளகியிருக்க வேண்டும். எழுந்து வந்து குவமண்டாவின் தோளில் கைபோட்டு, நாங்கள் விட்ட இடம் எது என்று தும்மிக் காட்டினான். புரியவில்லை என்று நினைத்து இன்னொரு தடவையும் காட்டினான்.

ஆடு போன கோபத்தில் அன்று அடிக்குரல்காரர்கள் யாரும் குவமண்டாவோடு சாப்பிட உட்காரவில்லை. மறுநாள் மாலை குவமண்டா கோட்டு போட்டுக்கொண்டு ஆலைக்குப் புறப்பட்டார். நானும் கூடப் போனேன். வாசலிலேயே அவருக்கு ஆரம்பித்துவிட்டது.

"ஃபலாகே, உன்னைத் திரும்ப... ஹச்... சேத்துக்கலாம்னு..."

"உக்காருங்க பாபா. தண்ணி குடிங்க."

"ஒண்ணும் வேண்டாம். வந்து அந்த ஒரு இடத்துல... ஹச்... தும்மிட்டுப் போ."

"மத்தப் பாட்டுல?"

"வாயை அசை. சத்தம் வேண்டாம்."

ஃபலாகே சாந்தமாக மிளகாய் மூட்டையை இறக்கி வைத்தான். "பாடுறதுன்னா வர்றேன் பாபா. தும்முறதுக்கு மட்டும்னா இப்ப நீங்களே நல்லாத்தான் தும்முறீங்க."

குவமண்டாவுக்குத் தும்மல் அடுத்தடுத்து வந்துகொண்டிருந்தது. கடைசியில் தெருவில் நின்று பேரம் முடிந்தது. ஃபலாகே எல்லாப் பாட்டிலும் பாடலாம். நாங்கள் எல்லோரும் கல்யாணத்துக்கு வருவோம். பதிலுக்கு, மைத்துனன் பாட்டில் அந்த இடத்தில் அவன் தும்ம வேண்டும்.

ஆனால் தும்மல் வரவில்லை. மூக்குப்பொடி கொடுத்தோம். விடுதியின் அந்தத் தளமே தும்மியது, அவனைத் தவிர. கோழி இறகு விட்டுப் பார்த்தோம். சுத்தமான காற்று வேண்டுமென்று கடற்கரைக்கும் கூட்டிப்போனோம். பொய்யாகத் தும்மினால் குவமண்டா தலையை ஆட்டினார்.

"இது தும்மல் இல்ல, கோவிச்சுக்கிட்ட கோழி. தட்டுல இருக்கிறது இன்னும் கொஞ்சம் கீழ ஆரம்பிக்கும். இப்படி." செய்து காட்டினார். அந்தத் தும்மலுக்காக அவனை வெளியேற்றிய மனிதர்தான். ஆனால் எதையும் அரைகுறையாகச் செய்ய அவருக்குத் தெரியாது. தட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டு அதன் சுதியைப் பிடித்து வைத்திருந்தார்.

கல்யாணத்துக்குப் போகிற பேருந்தில் ஃபலாகே என் பக்கத்தில் இருந்தான்.

"தோலகேலே வீட்டு ஆளுங்க அந்த இடத்துக்குத்தான் காத்திருப்பாங்கண்ணே. நான் தும்மினா, சாகுற வரைக்கும் எனக்கு அதான் பேரு. பொறக்கப் போற பிள்ளைக்கும் அதான். தும்மலன்னா பாபா என்னை வெளிய தள்ளிடுவார்."

"என்ன செய்யப் போற?"

"என் கல்யாணத்துல நான் பாடப் போறேன்" என்றான். முன் இருக்கையில் குவமண்டா கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூக்கமா என்று சொல்ல முடியாது.

ஃபலாகே வீட்டு மாட்டுப்பட்டிக்கு முன்னால் இரண்டு வீட்டாரும் எதிரெதிராக நின்றோம். வெயிலில், சாணத்துக்கு நடுவில், வெள்ளைக் கையுறையோடு, பாடும்போது வழக்கம்போல நுனிக்காலில் அடியெடுத்து வைத்தோம். மாப்பிள்ளை முன்னால் அல்லவா நிற்க வேண்டும் என்று பெரியவர்கள் இழுத்துப் பார்த்தார்கள். அவன் புதுக் கோட்டோடு பின்வரிசையின் இடது ஓரத்தை விட்டு அசையவில்லை. பெண் வீட்டார் பாடி முடித்தார்கள், நன்றாகவே பாடினார்கள். நாங்கள் மைத்துனன் பாட்டை எடுத்தோம். இரண்டாவது அடி நெருங்கும்போதே எதிர்ப்பக்கம் கிசுகிசுப்பு. தோலகேலேயின் அண்ணன் மூக்கில் விரல் வைத்துக்கொண்டு முன்னால் வந்துவிட்டான்.

நிறுத்தினோம். மாடு பதில் சொல்லவில்லை. எல்லோரும் ஃபலாகேயைப் பார்த்தார்கள். அவன் வாயை இறுக்க மூடிக்கொண்டு ஆற்றைப் பார்க்கிறவனைப் போல நேராகப் பார்த்தான்.

குவமண்டா தும்மினார்.

கொஞ்சம் கீழே ஆரம்பித்து, தட்டில் இருக்கிற மாதிரியே, ஒரு மயிரிழை பிசகாமல். தும்மிவிட்டுத் தோளுக்கு மேல் கையைக் காட்டினார். அடிக்குரல்கள் எழும்பின. பெண் வீட்டுக் கிழவிகள் குலவை போட்டார்கள். அண்ணன்காரன் மூக்கிலிருந்து விரலை எடுக்க மறந்து நின்றான். யாரைச் சொல்லிச் சிரிப்பது என்று அவனுக்குப் பிடிபடவில்லை. அவ்வளவு பெரிய மனிதரைப் பார்த்துச் சிரிக்க முடியாது.

கறி பங்கு வைக்கும்போது குவமண்டாவிடம் கேட்டேன். "பாபா, உங்க மௌனம் போச்சே?"

"போட்டியில பாத்துக்கலாம்" என்றார். "இவன் குரலை இன்னிக்குத்தான் காது கொடுத்துக் கேட்டேன். சுதி சுத்தமா இருக்கு. இதை வச்சுக்கிட்டா இத்தனை நாள் படிக்கட்டுல உக்காந்திருந்தான்?"

நாற்காலியில் ஃபலாகேயும் தோலகேலேயும் ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கள்ளுப் பானையோடு போனபோது அவள் அவனைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"நீ பாடினியா இல்லையா? உண்மையைச் சொல்லு. நானும் காதைத் தீட்டிக்கிட்டுத்தான் நின்னேன், உன் குரல் தனியா கேக்கவே இல்ல."

"கேக்கலையா?"

"கொஞ்சம்கூட இல்ல."

அவன் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். எலும்பைத் தட்டில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"கேட்டியாண்ணே? என் குரல் கேக்கவே இல்லையாம்."