கேமன் தீவில் மாமாவின் காம்பரா

என் மாமா கேமன் தீவுக்குப் போன பிறகுதான், குளிக்கிற தண்ணீருக்கும் மாதா மாதம் பில் கட்டுகிற ஊர் உண்டு என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்குத் தெரியவந்தது. அப்போதும் பாதிப் பேர் நம்பவில்லை. எங்களுக்கு மலையிலிருந்து பீலியில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கும். குடத்தை வைத்தால் நிறையும், எடுத்தால் ஓடையில் போகும். அதற்கு ஒருவன் கணக்கெழுதிப் பணம் கேட்பான் என்றால் யார்தான் நம்புவார்கள்?

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தோட்டத்தில், லயத்து வரிசையில் அவர்களும் நாங்களும் அடுத்தடுத்த காம்பரா. நியாயமாகச் சொன்னால் அது அத்தையின் காம்பரா. மாமா நுவரெலியாவில் ஒரு ஹோட்டல் சமையலறையில் வேலை பார்த்தார். அத்தைதான் தோட்டத்தில் பேர் பதிந்து கொழுந்து பறித்தாள். பேர் இருக்கிறவரைக்கும் அந்த ஒற்றை அறையும் முன்னால் திண்ணை மாதிரி இருந்த இஸ்தோப்பும் அவர்களுக்கு. பேரை வெட்டிவிட்டால் காம்பரா தோட்டத்துக்குத் திரும்பிவிடும். வாடகை என்று யாரும் எங்களிடம் கேட்டதில்லை. அந்தச் சொல்லே டவுன்காரர்களுக்கு உரியது என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

மாமாவுக்கு முன்பு சமையல் பழக்கிய ஒருவர் அந்தத் தீவில் இருந்தார். அவர் மூலமாக அங்கே ஒரு ஹோட்டலில் வேலை வந்தது. எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடத்து உலகப் படத்தில் அந்தத் தீவைத் தேடினேன். அமெரிக்காவுக்குக் கீழே, கியூபாவுக்குப் பக்கத்தில் ஏதோ புள்ளி மாதிரி இருந்தது. அது பிரிட்டிஷ்காரர்களுடைய தீவு என்று டீச்சர் சொன்னதை நான் வீட்டில் வந்து சொன்னதும் அப்பாவின் முகம் தெளிந்துவிட்டது.

“வெள்ளக்காரன் தீவுன்னா கவலையே இல்ல மச்சான். நம்ம ஆளுகள கூட்டிட்டு வந்தப்ப லயம் கட்டிக் குடுத்துத்தானே வேல வாங்குனான்? அங்கயும் ஒரு காம்பரா குடுப்பான் பாருங்க.”

மாமா தலையாட்டினார். லயத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். வேலை கொடுக்கிறவன் தலைக்கு மேலே ஒரு தகரமும் கொடுப்பான் என்பதில் எங்களில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

லயத்துக்கு மேலே சின்னக் கோயில் படியில்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை பொழுது சாயும் நேரம் எல்லோரும் அங்கே ஏறிவிடுவோம். எங்களுக்குக் குளிர் இறங்கும்போது மாமாவுக்கு அப்போதுதான் விடிந்திருக்கும். அதுவே எனக்குப் பெரிய அதிசயம். மாமா கடற்கரையில் நடந்தபடி பேசுவார். கடல் நீலமாக இல்லாமல் பச்சையாக இருந்தது. பாதையில் உடும்பு மாதிரி ஒன்று சாவகாசமாகப் போனது. கோழிகள் கூட்டமாகத் திரிந்தன.

“யார் வீட்டுக் கோழி மாமா?”

“யார் வீட்டுதும் இல்ல குட்டி. சும்மா திரியும்.”

“அப்பறம் எதுக்குங்க கடையில காசு குடுத்துக் கோழி வாங்குறீங்க?” என்று அத்தை கேட்டாள். லயமே சிரித்தது.

நான் வாரத்துக்கு ஒரு பொருள் விலை கேட்பேன். அது என் பதவி மாதிரி ஆகிவிட்டது. தேங்காய், வெங்காயம், பாண் எல்லாம் கேட்டு முடித்து ஒருநாள் கோவா என்கிற முட்டைக்கோஸின் விலை கேட்டேன். மாமா விலையைச் சொல்ல, அப்பா அதை நம்ம காசுக்கு மாற்றிச் சொன்னார். அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள். மழையில் நனைந்துகொண்டு ஒரு நாள் முழுக்கக் கொழுந்து பறித்தாலும் அந்த ஒரு கோவாவை வாங்க முடியாது.

“கந்தப்பளையில மாட்டுக்குப் போடுற கோவாங்க அது!”

“இங்க எதுவும் வெளையாது. எல்லாம் கப்பல்ல வரணும், இல்லாட்டி பிளேன்ல வரணும்,” என்றார் மாமா. பிளேனில் ஏறி வந்த கோவாவை நான் மனதுக்குள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விலைகள் எல்லாம் தெரிந்துவிட்டன. ஆனால் நான் பார்க்க ஆசைப்பட்ட ஒன்றை மட்டும் மாமா காட்டவேயில்லை. “மாமா, உங்க காம்பராவ காட்டுங்க” என்று ஒவ்வொரு ஞாயிறும் கேட்பேன். ஒரு தடவை அங்கே லைட் இல்லை என்பார். ஒரு தடவை கூட்டிப் பெருக்கவில்லை என்பார். உடனே போனைத் திருப்பி, “இந்தா, கடலப் பாரு” என்பார். நானும் பார்ப்பேன்.

இரண்டு வருடம் கழித்து மாமா லீவில் வந்தார். அத்தையையும் மூன்று வயதுப் பையனையும் கையோடு கூட்டிப்போவதாக ஏற்பாடு. மாசம் முடிய அத்தை தோட்டத்து ஒப்பீசுக்குப் போய்ப் பேரை வெட்டிக்கொள்ள வேண்டும். அப்படி வெட்டினால், சம்பளத்தில் பிடித்துவைத்த சேமலாபப் பணம் கிடைக்கும்; அதில்தான் டிக்கெட். புதிதாகக் கல்யாணமான ஒரு ஜோடி வந்து காம்பராவின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டும் போனது. அத்தை சட்டிபானைகளை யார் யாருக்கு என்று பிரித்துவைத்தாள். எனக்கு அவள் கொடுத்த வாக்கு வேறு: அங்கே போன அன்றே அடுப்பிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒன்று விடாமல் போனில் காட்டுவாள். எனக்கு அது போதும். அந்தத் தீவே எனக்குக் கிடைக்கப்போகிறது என்று வகுப்பில் சொல்லிவைத்திருந்தேன்.

வந்த புதிதில் மாமா பகலெல்லாம் தூங்கினார். அவருக்கு இன்னும் நேரம் மாறவில்லை என்று அம்மா சொன்னாள். இரண்டாம் நாள் மத்தியானம் நான் அத்தையின் இஸ்தோப்பில் உட்கார்ந்து பையனுக்குச் சாக்லேட் உரித்துக்கொண்டிருந்தேன். அத்தை மழையில் நனைந்து மலையிலிருந்து வந்து, சத்தமில்லாமல்தான் கதவைத் திறந்தாள். மாமா கட்டிலிலிருந்து துள்ளி எழுந்தார். கண் திறக்கவேயில்லை. போர்வையை நாலாக மடித்தார், தலையணையைத் தட்டி மறுபக்கம் திருப்பிப் போட்டார், செருப்பைக் காலால் தேடினார். “சொரி மேன், சொரி,” என்று சொல்லிக்கொண்டே கதவோரம் வந்து நின்றுவிட்டார்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். “மாமா தூக்கத்துல இங்கிலீஷ் பேசுறாரு!” என்று கத்திக்கொண்டு ஓடி அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் அம்மாவும் வந்து பார்த்தாள். கதவு திறந்தது, மாமா எழுந்தார், மடித்தார், திருப்பினார், “சொரி மேன்” என்றார். சாயந்தரத்துக்குள் லயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அங்கே பெண்டாட்டிக்கு இப்படித்தான் எழுந்து நின்று மரியாதை கொடுப்பார்கள் போல என்று அப்பா கிண்டல் செய்தார்.

அத்தை மட்டும் சிரிக்கவில்லை. மூன்றாம் நாள் கதவைத் திறந்தவள், எழுந்த மாமாவின் தோளைப் பிடித்து மெல்ல உட்கார வைத்தாள். ஈரத் துணியோடு அவர் பக்கத்தில் தானும் உட்கார்ந்தாள்.

“ஏங்க, அங்க உங்க கட்டில்ல உங்களுக்கு அடுத்து யாரு படுப்பாங்க?”

மாமா நன்றாக விழித்துக்கொண்டார். என்னைப் பார்த்தார். “குட்டி, தம்பிய கூட்டிட்டுப் போயி விளையாடு,” என்றார். எனக்கு அந்தக் கேள்வியும் விளங்கவில்லை, அதற்கு ஏன் என்னை வெளியே அனுப்புகிறார் என்றும் விளங்கவில்லை. போகிறபோது திரும்பிப் பார்த்தேன். அத்தை தலையணையின் மறுபக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை ஒப்பீசுக்குப் போக வேண்டிய நாள். விடிந்ததும் அத்தை இடுப்பில் படங்குத் துணியைக் கட்டிக்கொண்டு, வழக்கம்போல வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டாள். பிரித்துவைத்த சட்டிபானைகள் திரும்ப அடுக்கில் ஏறின. மாமா இஸ்தோப்பில் உட்கார்ந்து பையனை மடியில் வைத்துக்கொண்டு தேத்தண்ணி குடித்தார். அவர் முகத்தில் கோபம் தெரியவில்லை, நிம்மதி மாதிரி ஏதோ தெரிந்தது. எனக்குத்தான் அழுகை அழுகையாக வந்தது. என் தீவு போயே போய்விட்டது.

“ஏன் அத்த போகல?”

“அங்க கோவா என்ன வெலன்னு ஒனக்குத்தான் தெரியுமே!” என்றாள் அத்தை.

அந்தப் பதிலில் லயம் திருப்தியடைந்துவிட்டது. கோவா விலைக்குப் பயந்து வெளிநாடு போகாதவள் என்று அத்தைக்குப் பேராகிவிட்டது. இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். மாமா தனியாகவே திரும்பிப் போனார்.

இப்போது நான் கொழும்பில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். போர்டிங் அறையில் கட்டில்கள் இரண்டு, நாங்கள் மூன்று பேர். மூன்றாவது பெண்ணுக்கு இரவு வேலை. காலையில் அவள் சாவி போடும் சத்தம் கேட்டால் போதும், நான் எழுந்து போர்வையை மடித்து, தலையணையைத் திருப்பிப் போட்டுவிடுவேன். யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வாடகை சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடுகிற ஊரில் அது தானாக வந்துவிடுகிறது. முதல் தடவை அப்படிச் செய்த அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே அழுதேன்.

மாமா போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் படிக்கு ஏறத்தான் செய்தோம். நான் பழைய நினைப்பில், “மாமா, உங்க காம்பராவ காட்டுங்க,” என்று ஆரம்பிப்பேன். மாமா காரணம் தேடுவதற்குள் அத்தை போனை என் கையிலிருந்து வாங்கிவிடுவாள்.

“அதெல்லாம் வேணாங்க. நீங்க கடலக் காட்டுங்க,” என்பாள்.

மாமா காட்டுவார். அத்தை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பாள். அத்தைக்குக் கடல் என்றால் அவ்வளவு பிடிக்கும் போலிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.