கரியில் வரைந்த மாடி பஸ்

பினாங்கில் இருக்கும் உங்களுக்கு இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். மெட்ராஸில் சுவர்கள் என்னை நிம்மதியாக நடக்கவிடுவதில்லை. நம்மூர்ச் சந்துகளில் பாதிச் சுவர் சீன எழுத்து. எனக்கு ஓரெழுத்தும் தெரியாது, என் பாட்டுக்குத் தாண்டிப் போய்விடுவேன். இங்கே எல்லாம் தமிழ். வாழ்க, ஒழிக, இங்கே அசுத்தம் செய்யாதே, கமலா ஐ லவ் யூ. எதையும் படிக்காமல் காலெடுத்து வைக்க முடியவில்லை. கல்யாணமாகி மந்தைவெளிக்கு வந்த புதிதில், அப்பா கொடுத்தனுப்பிய காமிராவோடு சந்து சந்தாகச் சுற்றினேன். "இன்னாம்மா, கார்ப்பரேஷனா? வரி ஏத்தப் போறீங்களா?" என்று ஒருவர் பதறினார். அழகாக இருக்கிறது, அதான் என்றேன். அவர் நம்பவில்லை.

எடுத்த படங்களை அம்மாவுக்கு அனுப்பினேன். "சுவரைப் பார்க்கவா உன்னைக் கடல் தாண்டிக் கட்டிக்கொடுத்தேன்? உன் முகத்தை அனுப்பு" என்று எழுதினாள். முகம் இளைத்துக் கிடந்தது. பார்த்தால் அழுவாள் என்று பயந்து, மறுபடியும் சுவரையே அனுப்பினேன்.

எங்கள் தெருமுனையில், பூட்டிக் கிடந்த கிடங்கின் பின்சுவரோரம் முனியம்மா அக்கா இஸ்திரி போடுவார். அந்தச் சுவரில் அவர் மகன் இஸ்திரிப் பெட்டிக் கரியால் ஒரு மாடி பஸ் வரைந்திருந்தான். மேல்மாடி சன்னலில் ஒரே ஒரு தலை, பெரிய கொண்டையோடு. அது அக்காதான். பையன் பம்பாய்க்குப் போய் வெகுநாளாகத் தகவல் இல்லை.

ஒரு சாயங்காலம் பார்த்தேன், சுவர் மூலையில் நான் அதுவரை கவனிக்காத ஏதோ பெயர், பக்கத்தில் ஓர் அம்புக்குறி. ஓவியர்கள் கையெழுத்துப் போடுவார்களே, அப்படி நினைத்து, "உங்க மகன் பேரா அக்கா?" என்றேன்.

"நல்லா கேட்டே போ. கட்சிக்காரங்க செவுரு புடிச்சிக்கினாங்க. நாளிக்கி வெள்ளை அடிச்சுடுவாங்க."

தேர்தல் நேரத்தில் மூலையில் முதலில் பெயர் எழுதிய கட்சிக்குத்தான் சுவராம், மற்றவர்கள் தொடமாட்டார்களாம். இதை மட்டும் விட்டுவிடச் சொல்லி அக்கா கெஞ்சியிருக்கிறார். நடக்கவில்லை. வீட்டுக்கு ஓடிக் காமிராவை எடுத்துவந்தேன். பிலிமில் ஒரே ஒரு படத்துக்குத்தான் இடம் மிச்சம். அக்காவைப் பக்கத்தில் நிற்கச் சொன்னேன். அவர் நகர்ந்துகொண்டார்.

"நான் எதுக்கு? நான் இங்கியேதான் கீறேன். அவன் கைல போட்டதுதான் நாளிக்கி இருக்காது. அத்த எடு."

எடுத்தேன். ஒரு பிரதியை அக்கா முந்தானையில் முடிந்துகொண்டார். இன்னொன்றை, நடந்ததை எழுதி அம்மாவுக்கு அனுப்பினேன். இந்தத் தடவை அவள் திட்டவில்லை. "அடுப்பங்கரைச் சுவரில் நீ சின்ன வயசில் பென்சிலால் போட்டது அப்படியே இருக்கிறது. தீபாவளிக்குத் தீபாவளி பெயின்ட்காரன் கேட்பான், அந்த இடத்தை மட்டும் விட்டு அடி என்பேன்" என்று எழுதியிருந்தாள்.

அழுதுவிட்டேன். அங்கே என்ன வரைந்தேன் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு நினைவு வரவில்லை.