படத்தில் விழாத முள்

டாக்டர் சுந்தரராஜின் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தவர்களில் பேச்சித்தாயிடம் திட்டு வாங்காதவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "மூச்சப் பிடியும்வே. ஆடாதேயும். ஆடுததுக்கு இது என்ன கோயில் கொடையா?" என்று எக்ஸ்ரே அறையிலிருந்து குரல் வந்தால், வெளியே பெஞ்சில் இருப்பவர்களும் நிமிர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள். சங்கரன்கோவிலில் அவளுக்கு வாய்க்காரி என்று பெயர். அது அவளுக்கும் தெரியும்.

பஸ் கண்டக்டரான புருஷன் பிச்சையா சிவகிரியில் இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்த வருஷம் அவள் இந்த ஆஸ்பத்திரிக்குத் தரை கழுவ வந்தாள். பிறகு இருட்டறையில் படம் கழுவக் கற்றுக்கொண்டாள், அதன் பிறகு படம் எடுக்கவும். பதினொரு வருஷத்தில் ஈரப் படத்தைத் தூக்கிப் பிடித்த மாத்திரத்தில் எலும்பு முறிவைச் சொல்லிவிடுகிற அளவுக்குக் கண் தேறியிருந்தது. டாக்டருக்கு அது பிடிக்காது. "உன் வேலை படம் எடுக்கது. படம் பாக்கது என் வேலை," என்பார். அவளும் விடமாட்டாள். "அப்ப சீக்கிரம் பாருங்க. வலியில கெடக்கான்," என்பாள்.

எண்பத்தேழாம் வருஷம் தை மாதம் ஆஸ்பத்திரிக்கு ஸ்கேன் மிஷின் வந்தது. மதுரையிலிருந்து கம்பெனி இன்ஜினியர் ஒருவர் வந்து இரண்டு நாள் தங்கிச் சொல்லிக்கொடுத்தார். டாக்டர் அரைமணி நேரம் உட்கார்ந்துவிட்டு, "தெரியும், தெரியும்" என்று எழுந்து போய்விட்டார். தோலில் தடவுகிற ஜெல் கூழ் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற பேச்சித்தாய்தான் கேள்வி மேல் கேள்வி கேட்டாள்.

"இதுவும் எக்ஸ்ரே மாதிரி கதிருதானா சார்?"

"இல்லம்மா. இது சத்தம். நம்ம காது ஒரு நொடிக்கு இருபதாயிரம் அதிர்வு வரைக்கும்தான் கேக்கும். இது முப்பத்தஞ்சு லட்சம் தடவை அதிருது. உள்ள போகுது, சதை மாறுற இடத்துல எல்லாம் கொஞ்சம் மோதித் திரும்பி வருது. எவ்வளவு நேரத்துல திரும்புதுன்னு பார்த்து மிஷின் ஆழத்தைக் கணக்குப் போடுது."

"பெறகு இந்தக் கூழு எதுக்கு?"

"நடுவுல நூலிழை காத்து இருந்தாலும் சத்தம் அப்படியே திரும்பிடும். உள்ளயே போகாது. அந்தக் காத்தை விரட்டத்தான் இது."

அவர் மிஷினிலிருந்து வயரில் வந்த கைக்கருவியை அவள் முழங்கை மேலேயே வைத்துக் காட்டினார். திரையின் மேல்பக்கம் வெறும் வெள்ளைக் குழப்பமாக இருந்தது. முதல் ஒரு சென்டிமீட்டரை நம்பக்கூடாது என்றார் அவர். "மணியை அடிச்ச உடனே அதோட ரீங்காரம் நிக்கிறதுக்குள்ள பக்கத்துல பேசுறது காதுல விழுமா? அதே மாதிரிதான். கிட்ட இருக்கிறதைப் பாக்கணும்னா கருவியைக் கொஞ்சம் தள்ளிப் பிடிக்கணும். ஆனா நடுவுல காத்து வரக்கூடாது, தண்ணிதான் இருக்கணும்."

இன்ஜினியர் போனதும் டாக்டர் மிஷின் அறையின் சாவியைத் தன் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். "இத நீ தொடக்கூடாது. தொடச்சு வைக்கதோட சரி," என்றார்.

சித்திரை மாதத்தில் திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் கிராமத்திலிருந்து கருத்தப்பாண்டி என்ற ஆட்டுக்காரர் பெண்டாட்டி அன்னக்கிளியின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டி வந்தார். வலது உள்ளங்காலில் முள் ஏறி உள்ளேயே முறிந்துவிட்டது, கால் பழுக்கிறது, வடிகிறது, மறுபடி பழுக்கிறது என்றார். பேச்சித்தாய் படம் எடுத்தாள். படம் சுத்தமாக இருந்தது. எலும்புகள் வரிசையாகத் தெரிந்தன, முள் இல்லை. டாக்டர் மாத்திரை எழுதி அனுப்பினார். கருத்தப்பாண்டி நகரவில்லை.

"உள்ள கெடக்குன்னு சொல்லுதேன். என் காலு எனக்குத் தெரியாதா?"

"படத்துல இல்லாத முள்ளு உம்ம கால்ல மட்டும் எப்படிவே இருக்கும்?" என்றாள் பேச்சித்தாய். "ஆட்டுக்குப் பின்னால போகச் சடைச்சா வீட்டுல சொல்லும். இங்கன வந்து பொய் சொல்லாதேயும்."

பெஞ்சிலிருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். கருத்தப்பாண்டி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்.

ஆவணியில் அவர் திரும்பி வந்தபோது கால் முழங்கால் வரை வீங்கியிருந்தது. முகம் வற்றிப்போயிருந்தது. டாக்டர் மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போயிருந்த நேரம்.

"அந்தப் படத்த எடு," என்றார் வாசலில் நின்றே. "பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில எலும்பு அழுகிட்டு, பாதத்த எடுக்கணும்னு சொல்லுதான். பழைய படம் வேணுமாம். நீங்க பாத்த லெச்சணத்தையும் அவன் பாக்கட்டும்."

"மரியாதையாப் பேசும்."

"உனக்கென்னட்டி மரியாத? நாலு மாசமா எங்க ஊருல பிள்ளைக கூட என்னயப் பொய்க்காலன்னு கூப்பிடுது. அந்தப் பேரு வச்சது நீ."

அப்படி மட்டமாக 'ட்டி' போட்டு அவளைப் பிச்சையாகூடக் கூப்பிட்டதில்லை. பதில் சொல்ல வாயெடுத்தவள், அலமாரியிலிருந்து அவர் படத்தை எடுத்து வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள். படத்தில் முள் இல்லை என்று இன்னொரு முறை அவர் கண்ணுக்கெதிரே காட்டிவிடத்தான் மாட்டினாள். அப்போதுதான் படத்தில் ஒரு ஊக்கு கண்ணில் பட்டது. அன்றைக்கு அவர் காலில் சுற்றியிருந்த துணிக்கட்டை அவிழ்க்கச் சோம்பல்பட்டு அப்படியே படம் எடுத்திருந்தாள். கணுக்கால் ஓரத்தில் கட்டைச் செருகிய ஊக்கு பளிச்சென்று வெள்ளையாக விழுந்திருந்தது. கட்டு விழவில்லை. நாலு சுற்றுத் துணி அந்தக் காலில் இருந்தது. படத்தில் இல்லவே இல்லை.

இரும்பும் எலும்பும் கதிரை மறிக்கும். துணி மறிக்காது. அப்படியானால் மரமும் மறிக்காது, மரத்து முள்ளும் மறிக்காது.

 தன் தப்பு தெரிந்தும் அவள் குரல் தணியவில்லை. "அந்தக் கட்டில்ல ஏறிப் படும்," என்றாள்.

"எதுக்கு? இன்னொரு பொய்க்கா?"

"படும்னு சொல்லுதேன்லா!"

அன்னக்கிளிதான் புருஷனைப் பிடித்து ஏற்றினாள். "பாளையங்கோட்டைக்கு நாளைக்கும் பஸ்ஸு இருக்கு. படுங்க," என்றாள்.

பேச்சித்தாய் டாக்டரின் இழுப்பறையிலிருந்து சாவியை எடுத்தாள். ஸ்கேன் அறையைத் திறந்து மிஷினைக் கட்டிலருகே உருட்டிவந்து போட்டாள். உள்ளங்காலில் கூழைத் தடவிக் கருவியை வைத்தாள். திரையில் வெள்ளை மூட்டம், அதன் கீழே கருப்பு. வேறொன்றுமில்லை. ஆட்டுக்குப் பின்னால் நடந்து நடந்து காய்த்துப்போன பாதம், வெடிப்பெல்லாம் காற்று.

"என்ன, ஒண்ணையும் காணமா?" என்றார் கருத்தப்பாண்டி. "இந்த மிஷினும் என்னயப் பொய்யன்னு சொல்லுதோ?"

அவள் வெந்நீர்ச் சட்டியைக் கொண்டுவந்து காலை அதில் அமுக்கினாள். அவர் வலியில் அலறி அவள் அம்மையை இழுத்துத் திட்டினார். கால்மணி நேரம் ஊறவைத்து, சோப்புப் போட்டு வெடிப்புகளைத் தேய்த்துக் கழுவினாள். பிறகு ஒரு ரப்பர் கிளவுஸில் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி, குமிழி ஒன்றுகூட இல்லாமல் தட்டித் தட்டி வெளியேற்றி, வாயை இறுக்கிக் கட்டினாள். பாதத்தில் கூழ், அதன்மேல் கிளவுஸ், கிளவுஸின் மேல் மறுபடியும் கூழ், அதற்கும் மேலே கருவி.

இந்தத் தடவை மூட்டமெல்லாம் தண்ணீரோடு நின்றுபோனது. அதற்குக் கீழே பாதத்தின் தோல் ஒரு கோடாகத் தெரிந்தது. கருவியை இம்மி இம்மியாக நகர்த்தினாள். எலும்பு வந்தது, போனது. எலும்பில்லாத இடத்தில், சீழின் கருமைக்கு நடுவே, அரை விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கீற்று. கீற்றின் அடியில் சத்தம் போகாத நிழல். கருவியைக் குறுக்கே திருப்பினாள். கீற்று புள்ளியானது. நெடுக்கே திருப்பினாள். புள்ளி மறுபடி கீற்றானது.

"இருக்குவே," என்றாள். "தோலுக்குக் கீழ ஒண்ணர சென்டிமீட்டர்ல சாஞ்சு கெடக்கு."

கருத்தப்பாண்டி தலையைத் தூக்கித் திரையைப் பார்த்தார்.  "இத நான் சித்திரையிலயே சொன்னேம்லா," என்றார். அன்னக்கிளி அழத் தொடங்கினாள்.

டாக்டர் உள்ளே வந்தது அப்போதுதான். "யாரக் கேட்டு மிஷினத் தொட்ட? ஸ்கேன் வயித்துக்கு, காலுக்கில்ல! எறங்கச் சொல்லு அந்தாள. நீ இன்னையோட வீட்டுக்குப் போ."

"போறேன். முதல்ல இதப் பாருங்க."

"சாவிய வையின்னு சொல்லுதேன்."

"பாத்துட்டுச் சொல்லுங்க டாக்டர். பாளையங்கோட்டையில இதப் பாக்காம அந்தக் கால வெட்டப் போறாங்க."

சுந்தரராஜ் திரையைப் பார்த்தார். அவள் கருவியைக் குறுக்கே திருப்பினாள், நெடுக்கே திருப்பினாள். அவர் முகம் கறுத்தது.  பிறகு கருத்தப்பாண்டியிடம், "எனக்கு அப்பவே ஒரு சந்தேகம் இருந்தது," என்றார்.

"இருந்திருந்தா அப்பவே அறுத்திருக்கலாம்லா?" என்று கேட்டுவிட்டார் கருத்தப்பாண்டி.

பேச்சித்தாய் காட்டிய இடத்தில் பேனாவால் புள்ளி வைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, டாக்டர் கீறினார். அரைக்கால் டம்ளர் சீழுக்குப் பின்னால் இடுக்கியில் கறுத்து ஊறிப்போன உடைமரத்து முள் ஒன்று வந்தது. 

கட்டுப் போட்ட பிறகு கருத்தப்பாண்டி அவளைக் கூப்பிட்டார்.

"சித்திரையில என்னய என்ன சொன்ன?"

"பொய் சொல்லாதேயும்னு சொன்னேன்."

"இப்ப?"

"தப்பு என்னுதுதான். முள்ளு எக்ஸ்ரேயில விழாதுன்னு எனக்குத் தெரியல. தெரியாதுன்னு சொல்லாம உம்மப் பாத்து ஊரு சிரிக்க வச்சேன்."

மன்னிப்பு என்று அவள் கேட்கவில்லை. அவரும் தருவதாக இல்லை. "தெரியாதவளுக்கு எதுக்கு அம்புட்டு வாயி?" என்றார். முள்ளைக் காகிதத்தில் மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அவள் நீட்டிய கையைத் தட்டிவிட்டு, பெண்டாட்டியின் தோளைப் பிடித்துப் படியிறங்கினார். ஊரில் தன்னைப் பொய்க்காலன் என்றவர்களிடமெல்லாம் அந்த முள்ளைக் காட்டியதாகவும், காட்டிய இடத்திலெல்லாம் சண்டை வந்ததாகவும் பிறகு புருஷனைக் கட்டு மாற்றக் கூட்டிவந்தபோது அன்னக்கிளி சொன்னாள். அந்தக் காலின் சுண்டுவிரல் மட்டும் போனது. கால் தப்பியது.

பேச்சித்தாயை டாக்டர் வீட்டுக்கு அனுப்பவில்லை. எக்ஸ்ரேக்கு வேறு ஆள் இல்லை. ஸ்கேன் அறைச் சாவி மட்டும் இழுப்பறையிலிருந்து அவர் சட்டைப் பைக்கு மாறியது. அந்த நாளைப் பற்றி அவர் ஒருபோதும் பேசவில்லை. ஆனால் முள் ஏறிய கால் வந்தால் அறைக்குள்ளிருந்து, "அந்தத் தண்ணி கிளவுஸக் கொண்டா," என்று எரிந்து விழுவார். அவளும், "கேட்டா கொண்டாரேன், கத்தினா வராது," என்று இருட்டறைக்குள்ளிருந்தே சொல்லுவாள்.

அன்றிலிருந்து முள் குத்தியவர்களின் படம் எடுத்தால், படத்தின் உறைமேல் பேனாவால், "மரமுள் இதில் தெரியாது" என்று எழுதிக் கொடுத்தாள். டாக்டர் பார்த்துவிட்டால் உறையைக் கிழித்துப் போடுவார். "நீ என்ன டாக்டரா?" என்பார். அவள் இன்னொரு உறை எடுத்து, அவர் முன்னாலேயே, முன்னதைவிடப் பெரிய எழுத்தில் எழுதுவாள்.